புது மேக் வாங்குமுன் பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து பாருங்கள்

ஆப்பிள் நாள் குறித்துவிட்டது. 2025 ஜூனில் நடந்த டெவலப்பர் மாநாட்டில் அறிவித்தார்கள்: இன்டெல் புராசசர் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டஹோ 26தான் கடைசி. செப்டம்பரில் வெளிவந்த அந்த டஹோவும் எல்லா இன்டெல் மேக்குகளுக்கும் கிடைக்கவில்லை. 2019இல் வந்த 16 அங்குல மேக்புக் புரோ, 2020இன் 13 அங்குல மேக்புக் புரோவில் நான்கு தண்டர்போல்ட் துளை உள்ள மாடல், 2020இன் 27 அங்குல ஐமேக், 2019இன் மேக் புரோ. இந்த நான்கோடு சரி. 2020 மார்ச்சில் விற்பனைக்கு வந்த இன்டெல் மேக்புக் ஏர் பட்டியலிலேயே இல்லை.

என்னிடம் இருப்பது அந்த 16 அங்குல மேக்புக் புரோ. புத்தக லேஅவுட்தான் என் தொழில். கவிதைத் தொகுப்பு, நாவல், கல்லூரி மலர், கோயில் குடமுழுக்கு மலர் என்று எது வந்தாலும் செய்வேன். அறிவிப்பு வந்ததிலிருந்து என்னைச் சுற்றியுள்ள டிடிபி ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நான் வழக்கமாக வேலை கொடுக்கும் அச்சகத்து அண்ணன் கேட்டார்: “தம்பி, இந்த ஜிபி, கோர் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். எம்4 மேக் வாங்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு.” அவரிடம் இருப்பது மேக்கூட இல்லை. பழைய விண்டோஸ் டெஸ்க்டாப், பேஜ்மேக்கர் என்ற பழைய லேஅவுட் மென்பொருள், எழுத்துரு மென்பொருளைத் திறக்கச் செருகும் டாங்கிள். புத்தக அட்டை (ரேப்பர்) செய்யும் பையன் மேக்கில் வேலை செய்வதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான்.

அவருக்கு நேரில் சொன்னதையும், மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அந்த விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்டெல் பல வருடங்கள் 14 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலேயே நின்றது. 10 நானோமீட்டர் வருகிறது, வருகிறது என்று சொல்லிச் சொல்லி, லேப்டாப்புகளில் அது பரவலாக வந்தது 2019இல்தான். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தப் புராசசரான எம்1ஐக் கொண்டுவந்தபோது அது டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் முறையில் தயாரானது. 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள், எட்டு கோர்கள், அதில் நான்கு கனமான வேலைக்கு, நான்கு மின்சாரத்தை மிச்சப்படுத்த. மேக்புக் ஏரில் மின்விசிறியே கிடையாது. சித்திரை வெயிலில் மின்சாரம் போய்விட்டால், மாற்றி எழுதிய கடைசி ஃபாரத்தை (ஒரே தாளில் அச்சாகும் பக்கங்களை) முடிக்கும்வரை பேட்டரி நிற்குமா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்பவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 2024 அக்டோபரில் புது மேக்குகளின் குறைந்தபட்ச ராம் 16 ஜிபி ஆனது. இன்டிசைனில் 400 பக்கப் புத்தகத்துக்கு அது தாராளம். எம்4 மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்தது. ஒன்று மட்டும் கவனம்: ராமைப் பிறகு கூட்டிக்கொள்ள முடியாது. வாங்கும் அன்று முடிவு செய்ததுதான்.

ஆக, புது மெஷின் நல்ல மெஷின். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கம்பெனி புராசசரை மாற்றும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பழைய புராசசருக்காக எழுதிய மென்பொருள் புதியதில் அப்படியே ஓடாது. நடுவில் ஒரு பாலம் போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பாலம் எத்தனை வருடம் நிற்கும், அதற்குள் நம்மிடம் உள்ள எல்லாவற்றையும் அக்கரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோமா? என் கணக்கு முழுக்க இதைச் சுற்றித்தான்.

ஆப்பிளுக்கு இது மூன்றாவது மாற்றம். 1994இல் மோட்டரோலாவின் 68000 வரிசையிலிருந்து பவர்பிசிக்குப் போனார்கள். 2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, பவர்பிசியை விட்டு இன்டெலுக்குப் போகிறோம் என்றார். அந்த இரண்டாவது மாற்றத்தை அச்சுத்துறை நன்றாகவே உணர்ந்தது. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் ஐமேக்கும் மேக்புக் புரோவும் அறிமுகமாகிவிட்டன. அடோபியின் மென்பொருள்களோ இன்டெலுக்கு நேராக எழுதப்பட்டு வந்தது 2007இல், சிஎஸ்3இல்தான். இடைப்பட்ட காலத்தில் போட்டோஷாப் சிஎஸ்2ஐ ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் வழியாக ஓட்ட வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் ஓடியது. அந்த ஒரு வருடம் பவர்மேக் ஜி5ஐ விடாமல் வைத்திருந்த வடிவமைப்பாளர்கள் செய்தது முழுக்கச் சரி. அவர்களுடைய வேலைக்கு அப்போது அதுதான் வேகமான மெஷின்.

இன்னொரு கதவும் அப்போதே மூடியது. மேக்கில் பேஜ்மேக்கர் கடைசிவரை பழைய மேக்ஓஎஸ் 9க்கான மென்பொருளாகவே இருந்தது. ஓஎஸ் எக்ஸில் அதை கிளாசிக் என்ற பகுதிக்குள் வைத்து ஓட்டலாம். இன்டெல் மேக்கில் கிளாசிக் கிடையாது. எனவே 2006இல் புது மேக் வாங்கிய யாராலும் அதில் தங்கள் மேக் பேஜ்மேக்கரைத் திறக்க முடியவில்லை. ரொசெட்டாவே 2011இல் லயன் பதிப்போடு போயிற்று. ஐந்தரை வருடம். முதலில் வந்த கோர் டுயோ மேக்குகளும் அதே லயனோடு கைவிடப்பட்டன, ஏனென்றால் அவை 32 பிட். அந்த மாற்றத்தில் பழையதைக் கடைசியாக வாங்கியவர், புதியதை முதலில் வாங்கியவர் இருவருமே இழந்தார்கள்.

மூன்றாவது மாற்றத்தில் கதை அப்படி இல்லை. எம்1 வாங்கியவர்களுக்கு டஹோவும் கிடைத்தது. 2020 மேயில் இன்டெல் மேக்புக் புரோ வாங்கியவர்களைப் பற்றித்தான் எனக்கு வருத்தம். அடுத்த மாதமே டிம் குக் மாற்றத்தை அறிவித்தார். இன்டெல் மென்பொருள்களை எம் வரிசையில் ஓட்டும் இரண்டாவது ரொசெட்டா மேக்ஓஎஸ் 27 வரை முழுமையாக இருக்கும், அதன்பிறகு பராமரிப்பு நின்றுபோன பழைய விளையாட்டுகளுக்காக ஒரு சிறு பகுதி மட்டும் தொடரும் என்று ஆப்பிள் சொல்லியிருக்கிறது. இன்டெல் மேக்குகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் கொஞ்ச காலம் வரும். நாளைக்கே மெஷின் நின்றுவிடாது.

2020இல் என்னிடம் கேட்டிருந்தால், அவசரமில்லையென்றால் பொறுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். எம்1இல் ராம் 16 ஜிபிக்கு மேல் கிடையாது, ஏரில் வெளித்திரை ஒன்றுதான் இணைக்கலாம், இன்டிசைன் நேராக ஓடும் பதிப்பு 2021 ஜூனில்தான் வந்தது. இப்போது அந்தக் காரணங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மாற்றத்தின் வால் பகுதிக்கு வந்துவிட்டோம். அடுத்த எண் வரட்டும் என்று காத்திருப்பதால் டிடிபிகாரருக்கு எந்த லாபமும் இல்லை.

அப்படியானால் அண்ணனிடம் நேராக “வாங்குங்கள்” என்று சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. “உங்களிடம் உள்ள பழைய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டுங்கள்” என்றேன்.

தமிழ்ப் பதிப்புலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொண்ணூறுகளில் தொடங்கிச் சில வருடங்களுக்கு முன்புவரை, பல இடங்களில் இன்றுவரையும், தமிழ்ப் புத்தகங்கள் யூனிகோடில் தட்டப்படவில்லை. தமிழ் 1991இலேயே யூனிகோடின் முதல் பதிப்பில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் லேஅவுட் மென்பொருள்களுக்கு அது புரியவில்லை. இன்டிசைனில் யூனிகோடுத் தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். இந்திய மொழிகளை ஒழுங்காகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் 2012இல் சிஎஸ்6இல்தான் எல்லோர் கைக்கும் எட்டியது. அதுவரை எட்டு பிட் எழுத்துருக்கள்தான் கதி. பாமினி என்ற எழுத்துருவில் தட்டிய கோப்பில் திரையில் “அம்மா” என்று தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு மெஷினில் இருந்தால் அது அம்மா. இல்லாவிட்டால் யாருக்கும் புரியாத ஐந்து குறிகள். இதைச் சீர்செய்யத்தான் 1999இல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடி டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனாலும் அச்சகங்களில் ஒவ்வொரு மென்பொருள் கம்பெனிக்கும் ஒவ்வொரு குறியேற்றம் என்ற நிலை நீண்ட காலம் நீடித்தது. பல மென்பொருள்கள் டாங்கிளைச் செருகினால்தான் எழுத்துருவைக் காட்டும்.

இப்போது அந்தக் கோப்புகளின் பாதையைப் பாருங்கள். இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை நேராகத் திறந்தது. 2013இல் வந்த சிசியில் அது இல்லை. சரி, பழைய சிஎஸ்6ஐ வைத்துக்கொள்வோம் என்றால், மேக்கில் அந்த இன்டிசைன் 32 பிட். 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் நிறுத்தியது. சரி, மேக்கிலேயே விண்டோஸ் போட்டுக்கொள்வோம் என்றால், எம்1 முதல் பூட்கேம்ப் கிடையாது. 2023 ஜனவரியில் அடோபி தன் மென்பொருள்களில் டைப் 1 எழுத்துருக்களை முழுமையாகக் கைவிட்டது. பழைய தமிழ் எழுத்துருக்களில் டைப் 1 வகையும் உண்டு. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். ஒரு கம்பெனி எத்தனை வருடம்தான் பழையதைச் சுமக்கும்? ஆனால் எல்லாம் ஒரே திசையில்தான் போகின்றன. நம் பழைய புத்தகங்களைத் திறக்கும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடுகின்றன.

என் இன்டெல் மேக்கில் இதற்கு ஒரு வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. பேரலல்ஸ் மென்பொருளில் ஒரு விண்டோஸ் 7 விர்ச்சுவல் மெஷின். அதற்குள் பேஜ்மேக்கர் 7, பழைய எழுத்துருக்கள். யுஎஸ்பி துளையில் டாங்கிளைச் செருகி அதை விண்டோஸுக்கு ஒப்படைத்தால் வேலை நடக்கும். உள்ளே ஓடும் விண்டோஸும் வெளியே இருக்கும் மெஷினும் ஒரே இன்டெல் கட்டளைகளைப் பேசுவதால்தான் இது சாத்தியம்.

எம் வரிசை மேக்கில் அந்த விர்ச்சுவல் மெஷின் கோப்பை அப்படியே நகலெடுத்து வைத்தால் ஓடாது. அங்கே ஓடுவது ஆர்ம் புராசசருக்கான விண்டோஸ் 11. அதை பேரலல்ஸில் ஓட்ட 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. அந்த விண்டோஸுக்குள்ளும் ஒரு பாலம் இருக்கிறது. இன்டெலுக்காக எழுதிய சாதாரண மென்பொருள்களை 32 பிட்டோ 64 பிட்டோ மொழிபெயர்த்து ஓட்டும். ஆனால் டிரைவர்களை அது மொழிபெயர்க்காது. விண்டோஸின் அடித்தளத்தில் போய் உட்காரும் டிரைவர் ஆர்முக்காகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் வாங்கிய டாங்கிளுக்கு யார் இனி ஆர்ம் டிரைவர் எழுதித் தரப் போகிறார்கள்? நான் வைத்திருக்கும் டாங்கிளைத் தயாரித்தவர்களிடம் கேட்டேன். புதிய யூனிகோடுப் பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, ஆனால் என் பழைய கோப்புகள் அந்தப் பதிலால் திறக்கப் போவதில்லை. முழு இன்டெல் மெஷினையே மென்பொருளால் நடித்துக்காட்டும் வழிகள் இருக்கின்றன. யூடிஎம் இலவசமாகவே அதைச் செய்யும். மெதுவாக இருக்கும். ஒரு கோப்பைத் திறந்து பார்க்கலாம், 300 பக்கத்தைத் திருத்த முடியாது.

“அப்போ விண்டோஸ் லேப்டாப்பே வாங்கிக்கிறேன், பிரச்சினை தீர்ந்துச்சுல்ல?” என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. பாதிதான் தீரும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் விண்டோஸுக்காக எழுதிய டாங்கிள் டிரைவர் அங்கேயும் ஏறாது. கடைக்காரர் பேட்டரி நன்றாக நிற்கும் என்று ஸ்னாப்டிராகன் லேப்டாப்பைக் காட்டுவார். பேட்டரி நன்றாகத்தான் நிற்கும். 2024 ஜூனில் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசை நல்ல புராசசர். ஆனால் அதுவும் ஆர்ம்தான். மேக்கில் உள்ள அதே டிரைவர் சிக்கல் அங்கேயும் உண்டு, அலுவலகத்துப் பழைய லேசர் பிரிண்டர் உட்பட. ஆகவே வாங்குமுன் அந்த பிரிண்டருக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்தே ஆக வேண்டும். விண்டோஸ்தான் வேண்டும் என்றால், டிடிபிகாரர் இன்டெல் அல்லது ஏஎம்டி உள்ளதைக் கேட்டு வாங்குவதுதான் இப்போதைக்கு நல்லது. அதில் பழைய விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாகவாவது வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கடைக்குப் போனாலும், எந்த லேப்டாப்பை எடுத்தாலும், பழைய கோப்பு பழைய கோப்பாகவே இருக்கும்வரை சிக்கல் கூடவே வரும். அதனால்தான் சொல்கிறேன், லேப்டாப் வாங்குவது அரைநாள் வேலை. கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவருவதுதான் உண்மையான வேலை. அதைத் தள்ளிப்போட இருந்த சாக்குகளை இந்தப் புராசசர் மாற்றம் எடுத்துவிட்டது. அந்த வகையில் இதை நான் வரவேற்கிறேன்.

மாற்றும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் “கன்வர்ட்டரில் போட்டால் வந்துவிடுமே” என்று பலர் நினைக்கிறார்கள். வரும். அதன் பிறகுதான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

பழைய குறியேற்றங்களில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். “கொ” என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், அதன்பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று. கன்வர்ட்டர் இவற்றை இடம் மாற்றிச் சேர்க்கும். வரி நிரப்புவதற்காகத் தட்டச்சு செய்தவர் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளியோ வரி முறிப்போ போட்டிருந்தால் அங்கே உடையும். ஔகாரம் இதைவிடச் சிக்கல். பழைய எழுத்துருக்களில் பெரும்பாலும் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ள என்ற எழுத்துக்கும் ஒரே விசைதான். “கௌரவம்” என்பதை அப்படியே மாற்றினால் “கெளரவம்” ஆகிவிடும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. அதைச் சரிசெய்கிறேன் என்று கன்வர்ட்டர் எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் “வெளியீடு” என்பது “வௌியீடு” ஆகிவிடும். இந்தப் பிழையை இணையத்தில் எத்தனையோ இடத்தில் பார்த்திருப்பீர்கள். பிழை தட்டியவருடையது இல்லை, மாற்றிவிட்டுப் படிக்காமல் விட்டதால் வந்தது. ரகரத்துக்குப் பதில் கால் தட்டியிருப்பார்கள், காலுக்குப் பதில் ரகரம் தட்டியிருப்பார்கள். அச்சில் கண்ணை ஏமாற்றியவை யூனிகோடில் வேறு எழுத்தாகவே நிற்கும். நடுநடுவே உள்ள ஆங்கிலச் சொற்களோ, எழுத்துருத் தகவல் இல்லாத டெக்ஸ்ட் கோப்பாக மாற்றினால், அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறி நிற்கும். அதனால் எழுத்துருத் தகவலோடு ஆர்டிஎஃப் கோப்பாக வெளியே எடுத்து, தமிழ் எழுத்துரு உள்ள பகுதியை மட்டும் மாற்ற வேண்டும்.

மொத்தத்தில் முழுப் புத்தகத்துக்கும் மறுபடி புரூஃப் பார்க்க வேண்டும். எழுத்தின் அகலம் மாறுவதால் பக்கங்கள் ஓடும், பொருளடக்கத்துப் பக்க எண் மாறும், டெமி அளவில் சரியாக முடிந்த ஃபாரம் இரண்டு பக்கம் தள்ளிப்போகும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலை. பதிப்பாளர்கள் இதைச் செலவாக நினைக்கிறார்கள். ஆனால் 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் வந்தபோது யாரிடம் யூனிகோடு கோப்பு இருந்ததோ அவர்கள் உடனே மின்னூல் போட்டார்கள், மற்றவர்கள் தட்டச்சு செய்ய ஆள் தேடினார்கள். மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. முன்பு வேறு குறியேற்றங்களில் இருந்த நூல்களை டிஸ்கிக்கும், பிறகு யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். பணம் வாங்காமல், பல ஊர்களிலும் பல நாடுகளிலும் இருந்த தமிழர்கள் செய்த வேலை அது. அவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டதால்தான் இன்று கைபேசியில் சங்கப் பாடலைத் தேடிப் படிக்க முடிகிறது. நம்மிடம் வணிகமாக வந்த புத்தகங்களுக்கு நாமே அதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

இதையெல்லாம் வைத்து என் முடிவுகளைச் சொல்கிறேன்.

கையில் இன்டெல் மேக் இருந்து, உங்கள் வேலை முழுக்க யூனிகோடிலும் இன்றைய இன்டிசைனிலும் நடக்கிறதென்றால், எம் வரிசைக்குப் போய்விடுங்கள். தயக்கம் வேண்டாம். இன்டிசைன், போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் எல்லாமே அதில் நேராக ஓடுகின்றன. அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் மேக்ஓஎஸ்ஸிலேயே இருக்கின்றன. ரொசெட்டாவில் இன்னும் எதையாவது ஓட்டுகிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிளக்-இன், பார்கோடு போடும் சிறு மென்பொருள், ஐந்தாறு வருடமாகப் புதுப்பிக்காத ஸ்கேனர் மென்பொருள், இப்படித்தான் இருக்கும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் அப்ளிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்தால் வகை என்ற பத்தியில் இன்டெல் என்று போட்டிருப்பவை அவைதான். அவற்றுக்கு மாற்று தேட மேக்ஓஎஸ் 27இன் காலம்வரை அவகாசம் இருக்கிறது.

பழைய கோப்புகள் நிறைய இருந்தால் புதியதை வாங்கினாலும் இன்டெல் மேக்கை விற்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கிடைக்கும் தொகை சிறியது. அந்த மெஷின் திறக்கும் கோப்புகளைத் திரும்பத் தட்டச்சு செய்ய ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு. இணையத்தில் இணைக்காமல் தனியே வைத்து, பழைய கோப்புகளைத் திறக்க மட்டும் பயன்படுத்துங்கள். விர்ச்சுவல் மெஷின் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்த பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் பயன்படுத்திய இன்டெல் மேக்புக் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். தினசரி வேலைக்கு வேண்டாம். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதற்கு மட்டும் என்றால் மேக் எதற்கு, பழைய விண்டோஸ் டெஸ்க்டாப்பே போதும், இன்னும் மலிவு.

அச்சகத்து அண்ணனுக்குச் சொன்னது வேறு. அவருடைய டெஸ்க்டாப்பில் இருப்பவற்றை வேறு எங்கும் நகலெடுத்து வைக்கவில்லை. டாங்கிள் ஒன்றுதான். அவர் மேக் வாங்கும் பணத்தில் முதலில் இரண்டு எஸ்எஸ்டி வாங்கி, டெஸ்க்டாப்பின் டிஸ்கை முழுவதும் இமேஜாக எடுத்துவிட வேண்டும். அடுத்து, ஒவ்வொரு புத்தகத்தையும் எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப்பாக மாற்ற வேண்டும். பேஜ்மேக்கரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுதி டிஸ்டில்லரில் போட்டால் போதும். அந்தப் பிடிஎஃப்பில் எழுத்தைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, ஆனால் எந்த மெஷினிலும் அதே வடிவில் அச்சாகும். மறுபதிப்புக்கு பிளேட் போட அது போதும். பிறகு ஆர்டிஎஃப். பிறகு கன்வர்ட்டர், புரூஃப். இதைத் தொடங்கிய பிறகு அவர் தாராளமாக மேக் வாங்கலாம். அன்றைக்கு எந்த எம் எண் கடையில் இருக்கிறதோ அதுவே அவருக்குப் போதுமானதாக இருக்கும்.

“எல்லாத்தையும் மாத்தணுமா தம்பி? கல்யாணப் பத்திரிகையெல்லாம்கூட இருக்கு” என்றார். எல்லாம் வேண்டாம். பத்திரிகைகளும் பில் புத்தகங்களும் போகட்டும். எழுதியவர் இறந்துபோய், பதிப்பகமும் மூடி, நூலகத்தில் இரண்டு பிரதி இருக்குமோ என்னவோ என்ற நிலையில் உள்ள புத்தகங்கள் அவர் டிஸ்கில் இருக்கின்றன. சிறுபத்திரிகைகளின் முழு வருடத் தொகுப்புகள் இருக்கின்றன. ஓர் ஊர்க்காரர் தன் ஊரின் வரலாற்றைக் கைக்காசு போட்டு அச்சடித்த சின்ன நூல் இருக்கிறது. அவருடைய மகனிடம் கேட்டோம், அவர்கள் வீட்டில்கூட ஒரு பிரதி இல்லை. வரிசையில் அதுதான் முதல். பிடிஎஃப் எடுத்தாயிற்று, ஆர்டிஎஃப் என் மெஷினில் இருக்கிறது, ஔகாரங்களைத் தேடித் திருத்திக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றுவோம். அதற்குப் பிறகு சிறுபத்திரிகைத் தொகுப்புகள்.